வீட்டில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஸ்டெயினும் ஆயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மரம் அறுத்தோ, கிட் வாங்கிப் பூட்டியோ சாலிட் பாடி எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறவர்கள், மரவேலை முடிந்ததும் வந்து நிற்கும் இடம் இது. நிறம் ஏற்றுவது, ஆயில் பூசுவது இரண்டையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஸ்ப்ரே லாக்கர், கார் பெயின்ட் பற்றி இங்கே எதுவும் இல்லை.

லாக்கர், பாலியூரித்தேன் எல்லாம் இருக்கும்போது ஏன் ஆயில்?

கம்ப்ரஸர் வேண்டாம், ஸ்ப்ரே கன் வேண்டாம், தூசி புகாத அறை வேண்டாம். ஒரு பனியன் துணியும் பொறுமையும் போதும். கைக்கு மரம் மரமாகவே தெரியும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிவிடலாம். லாக்கரில் அது அவ்வளவு சுலபமில்லை.

பதிலுக்கு நீங்கள் இழப்பது பாதுகாப்பு. நகம் பட்டாலும் பெல்ட் பக்கிள் பட்டாலும் மரத்தில் பள்ளம் விழும். காற்றின் ஈரத்தையும் ஆயில் பெரிதாகத் தடுக்காது. கிட்டார் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும் என்றால் இது உங்கள் வழி இல்லை. வீட்டில் செய்த கிட்டார்களிலேயே புகழ்பெற்றது 'க்வீன்' ராக் குழுவின் பிரையன் மே 1963-ல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்'. பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து நெக் செதுக்கிய அந்தக் கிட்டாருக்கே ஆயில் போடவில்லை. ரஸ்டின்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கோட்டிங்கைத்தான் அடுக்கடுக்காகப் பூசினார்கள். இன்னொரு பக்கம், மியூசிக் மேன் கிட்டார்கள் பலவற்றின் நெக்குகளுக்குத் துப்பாக்கிக் கட்டைக்குப் போடும் ஆயிலும் மெழுகும்தான். வார்விக் பேஸ் கிட்டார்களில் பலவற்றுக்கு முழு உடம்புக்கும் ஆயிலும் மெழுகும்.

ஆயில் போட்டால் சத்தம் நன்றாக வருமா? 'மரம் மூச்சுவிடும்' என்கிறார்களே?

வெட்டிய மரம் மூச்சுவிடாது. அகூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய மேல்பலகையில் பூச்சின் கனம் முக்கியம்தான். நாலரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில் பிக்கப்பைத் திருகி, கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கருவியில் ஆயிலா லாக்கரா என்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. கைக்கும் கண்ணுக்கும் பிடித்தால் போடுங்கள், அது போதுமான காரணம்.

எந்த மரத்துக்கு ஆயில் பொருந்தும்?

மகோகனி, ஆஷ், வால்நட் போன்றவற்றுக்குப் பிரமாதமாக அமையும். இங்கே கிடைக்கும் மரங்களில் தோட்டத்து மகோகனியும், ரேகை விழுந்த மாமரமும் ஆயில் பட்டதும் உயிர்பெற்றுவிடும். மேப்பிளின் அலை அலையான ரேகை ஸ்டெயினில்தான் எழும்பும். ஆயில் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிக் காட்டும்.

பாஸ்வுட் ஏமாற்றும். மலிவான கிட்கள் பல அந்த மரத்தில்தான் வருகின்றன. ரேகை என்று சொல்ல ஒன்றும் இருக்காது, அதோடு மிக மென்மை. ஆயில் மட்டும் போட்ட பாஸ்வுட் கிட்டார் ஒரு வருடத்தில் சந்தைக்குப் போய் வந்த தகரப் பெட்டி மாதிரி ஆகிவிடும். அதற்கு அழுத்தமான நிறமும் மேலே கெட்டியான பூச்சும் நல்லது.

தேக்கும் ரோஸ்வுட்டும் வேறு கதை. அவற்றில் இயற்கையாகவே உள்ள சாறுகள், நாம் பூசும் ஆயில் இறுகுவதைத் தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைத்து, அது காய்ந்ததும் தாமதிக்காமல் முதல் கோட்டைப் போட வேண்டும். அப்படியும் சில ரோஸ்வுட் பலகைகள் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். முதலில் மெல்லிய ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) ஒரு கோட் கொடுத்து மரத்தின் சாற்றை உள்ளேயே அடைத்துவிட்டு மேலே ஆயில் போடுவது பத்திரமான வழி.

கிட் வாங்கினேன். ஸ்டெயின் ஒட்டவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே சீலர், அதாவது மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு, அடித்து அனுப்பியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் இருக்கிறது. ஊறி மரம் கறுத்தால் இல்லை. சீலரைத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் மேலே 'ஃப்ளேம் மேப்பிள்' என்று தெரிவது பெரும்பாலும் மேலே ஒட்டிய அரை மில்லிமீட்டர் மரச்சீவல், வெனீர்தான். மெஷின் வைத்தால் ஒரு நிமிடத்தில் அடியிலிருக்கும் மரம் எட்டிப்பார்க்கும். 220 எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக் கையால் மட்டும் தேயுங்கள். ஓரங்களில் அழுத்தவே வேண்டாம்.

உப்புத்தாள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பெயின்ட் குறைகளை மூடும். ஆயில் எதையும் மூடாது, ஸ்டெயினோ இருக்கிற குறையைக் கோடு போட்டுக் காட்டும். பூசுவதற்கு முன் ஒரு வாரம் தேய்ப்பது நியாயமான கணக்குதான்.

மரம் குடையும் ரூட்டர் மெஷின் விட்ட தழும்பும் அரத்தின் கீறலும் உள்ள பாடிக்கு 80-ல் தொடங்கி 120, 150, 180, 220 என்று ஏறுங்கள். எண்ணைத் தாவாதீர்கள். 80 விட்ட கீறலை 220 எடுக்காது, மினுக்கி மறைத்து மட்டும் வைக்கும். ஸ்டெயின் பட்டதும் கறுப்புக் கோடுகளாக அத்தனையும் வெளியே வரும். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. ஆர்பிட்டல் சாண்டர் வைத்திருந்தால் அது விடும் சுருள் தடங்கள் தனித் தொல்லை. கடைசி எண்ணை எப்போதும் கையால், இழை ஓடும் திசையில் தேயுங்கள்.

இழை குறுக்கே வெட்டுப்படும் இடங்கள், அதாவது பாடியின் அடிப்பக்கம், கொம்புகளின் நுனி, கட்அவே வளைவுகள் எல்லாம் நிறத்தைக் குடித்துக் கறுத்துவிடும். அங்கே மட்டும் 320 அல்லது 400 வரை போனால் குடிப்பது குறையும். மற்ற இடங்களில் 220-க்கு மேல் போக வேண்டாம். மரம் மெருகேறிவிட்டால் ஸ்டெயின் ஊறாது.

அடுத்து ஃபெவிகால். பலகைகளை ஒட்டும்போது பிதுங்கி வந்த பசையை ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள். கண்ணுக்குப் போய்விட்டது போலத் தெரியும், ஆனால் நீர்த்த பசை துளைகளுக்குள் இறங்கியிருக்கும், அந்த இடம் மட்டும் நிறமேறாமல் வெளிறி நிற்கும். ஸ்பிரிட்டோ தண்ணீரோ தடவிப் பாருங்கள். பசை உள்ள இடம் நனையாமல் தனியாகத் தெரியும். அங்கே சுரண்டித் தேய்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக, தண்ணீரில் கரைத்த ஸ்டெயின் போடப் போகிறீர்கள் என்றால், முன்னதாகப் பாடி முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இழைகள் மீசை மாதிரி எழும்பி நிற்கும். 220-ஆல் லேசாக வருடி எடுத்துவிட்டால் ஸ்டெயின் படும்போது மறுபடி அதிகம் எழாது.

ஸ்டெயினில் எத்தனை வகை? எதை வாங்குவது?

இரண்டு குடும்பம். ஒன்று டை: நீரிலோ ஸ்பிரிட்டிலோ முழுதாகக் கரையும் சாயம். மரத்துக்குள் இறங்கும், ரேகையை மூடாது, நீலம் சிவப்பு ஊதா என்று எந்த நிறமும் கிடைக்கும். மற்றது பிக்மென்ட்: மிகப் பொடியான நிறத்தூள். துளைகளிலும் கீறல்களிலும் தங்கும், வெயிலில் எளிதில் மங்காது, ஆனால் அதிகமானால் ரேகையை மறைத்து மரத்தை மங்கலாக்கும். கடைகளில் 'வுட் ஸ்டெயின்' என்று டின்னில் வருபவற்றில் பல இந்த வகை, அல்லது இரண்டின் கலவை. வால்நட், தேக்கு, ரோஸ்வுட், மகோகனி என்று மேசை நாற்காலிக்கு ஏற்ற நிறங்கள்தான் சுலபமாகக் கிடைக்கும்.

மேப்பிளுக்கு டை. ஆஷுக்கும் மகோகனிக்கும் இரண்டுமே சரி. ஸ்பிரிட் டை சட்டென்று காய்வதால் முதல் தடவை செய்கிறவர்களுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்த பட்டைகள் விழும். தண்ணீர் டை நிதானமாகக் காயும், திருத்த நேரம் கொடுக்கும். சாதாரண டை வெயிலில் வெளுக்கும், அதனால் கிட்டாரை ஜன்னலோரம் மாட்டாதீர்கள்.

எதை வாங்கினாலும் பாடியை அறுத்தபோது விழுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மரம், அதே உப்புத்தாள் எண், அதே ஸ்டெயின், மேலே அதே ஆயில் என்று முழு வரிசையையும் அந்தத் துண்டில் செய்துபார்த்த பிறகுதான் பாடியைத் தொட வேண்டும். டின்மேல் ஒட்டிய படத்திலுள்ள நிறம் உங்கள் மரத்தில் வராது.

ஸ்டெயின் திட்டுத்திட்டாக வருகிறதே?

மேப்பிள், பைன், பாஸ்வுட், சில மாமரப் பலகைகளின் குணம் அது. ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் மிக மெல்லியதாகக் கரைத்து ஒரு கோட் பூசி, காய்ந்ததும் 320-ஆல் வருடிவிட்டு நிறம் ஏற்றினால் திட்டு குறையும், நிறமும் சற்று வெளிறும். ஷெல்லாக் வேறொன்றுமில்லை, பிரெஞ்ச் பாலிஷ் போடுகிறவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தும் அரக்குதான். பழைய ஹார்டுவேர் கடையில் செதிலாகக் கிடைக்கும். இங்கே ஒரு விஷயம்: ஸ்பிரிட் டை ஷெல்லாக்கையே கரைத்துவிடும், அதனால் இதன்மேல் தண்ணீர் டைதான்.

ஃப்ளேம் மேப்பிளில் அந்த வரிகளை எடுப்பாகக் காட்டுவது எப்படி?

முதலில் கறுப்போ அடர் பழுப்போ டையைத் தாராளமாகத் தடவுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும். காய்ந்ததும் 220, அப்புறம் 320 கொண்டு தேயுங்கள். அலைகளில் இழை செங்குத்தாக நிற்கும் இடங்களில் நிறம் ஆழமாக இறங்கியிருக்கும், அங்கே கறுப்பு தங்கிவிடும். மற்ற இடம் வெளுக்கும். அதன்மேல் உங்கள் உண்மையான நிறம். வெனீரில் இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

சன்பர்ஸ்ட்டும் துணியாலேயே செய்யலாம். முழுவதும் மஞ்சள், ஈரம் காயும் முன் ஓரத்தில் சிவப்போ பழுப்போ, இரண்டும் சந்திக்கும் இடத்தை நனைந்த துணியால் கலைத்துவிடுவது. ஸ்ப்ரேயில் வரும் சீரான மங்கல் வராது. எனக்கு இந்தக் கைவேலைத் தோற்றம்தான் பிடிக்கும்.

நீலம் பூசினேன், ஆயில் போட்டதும் பச்சையாகிவிட்டது!

ஆயில் மஞ்சள். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் வேறென்ன வரும். ஆளிவிதை எண்ணெய்தான் மோசம், நாளாக நாளாக இன்னும் மஞ்சளாகும். டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் ஆயில் கொஞ்சம் தேவலை. நீலத்தில் ஒரு துளி ஊதா கலந்து ஈடுகட்டுகிறவர்கள் உண்டு. அப்பழுக்கற்ற நீலமோ வெள்ளை பூசிய தோற்றமோ வேண்டும் என்றால் ஆயிலை விட்டுவிட்டு தண்ணீரில் கலக்கும் நிறமற்ற பூச்சான வாட்டர்பேஸ் கிளியருக்குப் போங்கள்.

ஸ்டெயின் இல்லாமல் கறுப்பாக்க முடியுமா?

முடியும். ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு இழைப் பஞ்சு) வினிகரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டினால் கிடைக்கும் இரும்புக் கரைசல், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுக்கும். டானின் குறைந்த மரத்துக்கு முதலில் கடுந்தேநீர் பூசுவார்கள். நம்மிடம் கடுக்காய் இருக்கிறது. அதில் டானின் ஏராளம். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இதே வழியில்தான்: துணியைக் கடுக்காயில் நனைத்து, வெல்லத்தோடு ஊறிய துருப்பிடித்த இரும்பின் நீரால் கோடு இழுப்பார்கள். கடுக்காய்த் தண்ணீர் ஒரு கோட், காய்ந்ததும் இரும்புக் கரைசல் ஒரு கோட். சில நிமிடங்களில் சாம்பல், பிறகு கருநீலம் கலந்த கறுப்பு. ஆயில் பட்டதும் கறுப்பு ஆழமாகும்.

மரத்தின் துளைகளை அடைக்க வேண்டுமா?

உங்கள் விருப்பம். ஆஷ், மகோகனியில் துளை திறந்திருப்பதே அழகு என்பது என் கட்சி. வழுவழுப்பு வேண்டும், ஸ்டெயினும் போடவில்லை என்றால், ஆயிலை ஊற்றி 400 வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேயுங்கள். மரத்தூளும் ஆயிலும் குழம்பாகித் துளைக்குள் இறங்கும். குறுக்கே துடைத்துக் காயவிட்டு மறுபடி செய்யலாம். ஸ்டெயின் போட்ட பாடியில் இதைச் செய்தால் நிறம் உரிந்து வந்துவிடும்; அதற்கு நிறமேற்றிய கிரெய்ன் ஃபில்லரை (துளையடைக்கும் பசை) முன்னதாகவே போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.

எந்த ஆயில்? வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் ஆகாதா?

ஆகாது. மரத்துக்குப் போடும் ஆயில் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. அந்தக் குணம் ஆளிவிதை, டங் போன்ற சில எண்ணெய்களுக்குத்தான் உண்டு. தேங்காய் எண்ணெய் பத்து வருடமானாலும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெயும் இந்த வேலைக்கு உதவாது.

டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், மலிவு, எங்கும் கிடைக்கும். பெயரைப் பார்த்துக் காய்ச்சிய எண்ணெய் என்று நினைக்க வேண்டாம். இன்று விற்பதில் பெரும்பாலும் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். கலக்காத லின்சீட் காயப் பல வாரம் பிடிக்கும். சுத்தமான டங் ஆயில் நீரை நன்றாகத் தாங்கும், நிதானமாகக் காயும். முதல் கோட்டுக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தால் நன்றாக இறங்கும். டேனிஷ் ஆயில் என்பது ஆயிலும் வார்னிஷும் தின்னரும் சேர்ந்த கலவை, முதல் கிட்டாருக்கு நான் சொல்வது இதைத்தான். துப்பாக்கிக் கட்டைக்காகப் பர்ச்வுட் கேசி விற்கும் ட்ரூ ஆயில் மெல்லிய படலமாகப் படியும், கோட் ஏற ஏற மினுமினுப்பு கூடும். கிட்டார் செய்கிறவர்களின் செல்லப்பிள்ளை அது, சின்னப் புட்டிக்கு விலைதான் அதிகம்.

எப்படிப் பூசுவது, எத்தனை கோட்?

ஸ்டெயின் முழுதாகக் காய ஒரு நாள் விடுங்கள். முதல் கோட்டைத் தாராளமாக ஊற்றித் தடவுங்கள். உறிஞ்சிய இடத்தில் இன்னும் கொஞ்சம். கால் மணி நேரம் கழித்து மிச்சமிருப்பதை முழுவதும் துடைத்தெடுங்கள். முழுவதும் என்றால் முழுவதும். மேலே தங்கிய ஆயில்தான் பிசினாகும். துணியில் நிறம் கொஞ்சம் வந்தால் பதற வேண்டாம், அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும்.

ஆஷ் போன்ற மரங்களில் முதல் சில மணி நேரம் துளைகளிலிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வரும். அவ்வப்போது போய்த் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மினுக்கும் பொட்டுகளாகக் காய்ந்துவிடும்.

பிறகு நாளைக்கு ஒரு மெல்லிய கோட். டேனிஷ் ஆயில் நான்கைந்து கோட்டில் நிறைவாகிவிடும். ட்ரூ ஆயிலைப் பளபளப்புக்காகப் பத்துக்கு மேலும் போடுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு கோட் வரை உப்புத்தாள் வைக்காதீர்கள். ஸ்டெயினைப் பாதுகாக்க அங்கே இன்னும் எதுவும் இல்லை. அதன்பின் தூசி முள் தட்டுப்பட்டால் 600 வாட்டர் பேப்பரால் லேசாக ஒரு வருடல்.

மழைக்காலத்தில் மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது.

ஈரக்காற்றில் ஆயில் மெதுவாகத்தான் இறுகும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். காற்றோட்டம் கொடுங்கள், ஃபேன் போடுங்கள். அப்படியும் ஒட்டினால் கோட் கனமாகிவிட்டது என்று பொருள். டர்பன்டைன் நனைத்த துணியால் ஒட்டுகிற மேல்படலத்தைத் துடைத்தெடுத்துக் காயவிடுங்கள். பிசின்மேல் அடுத்த கோட்டைப் போட்டு மூட நினைக்காதீர்கள்.

தொடும்போது காய்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. பாகங்களைப் பூட்ட இரண்டு வாரமாவது பொறுங்கள். மூக்கை வைத்து முகர்ந்தால் ஆயில் வாசம் போயிருக்க வேண்டும்.

ஆயில் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்பது உண்மையா?

உண்மை. ஆயில் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு வெளிவரும். கசக்கி எறிந்த துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்ப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி தேவையில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1991 பிப்ரவரி 23 அன்று ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆம் மாடியில் தீ பிடித்தது. மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகள்தான் காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30-ஆம் மாடியில் இருந்த ஸ்பிரிங்க்ளர்கள்தான் கடைசியில் தீயை நிறுத்தின.

துணியை வெளியே, மடிப்பில்லாமல், ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். விறைத்த பிறகு குப்பையில் போடலாம். அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள். 'காலையில் எடுத்துக்கொள்ளலாம்' என்று பட்டறை மூலையில் சுருட்டி வைக்க மட்டும் கூடாது.

நெக்குக்கும் ஃப்ரெட்போர்டுக்கும்?

நெக்கின் பின்பக்கத்துக்கு ஆயில்தான் என் முதல் தேர்வு. வியர்த்த கையிலும் வழுக்கிப் போகும், லாக்கர் போலப் பிடித்து இழுக்காது. மேப்பிள் நெக்குகள் ஈரத்தில் வளையக்கூடியவை என்பதால், கெட்டியான பூச்சு இல்லாவிட்டால் உத்தரவாதம் கிடையாது என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. வாங்கிய நெக் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக்கின் நுனியையும் அடிக்கட்டையையும் மறக்காமல் பூசுங்கள், ஈரம் அதிகம் புகுவது அந்த வெட்டுமுகங்களில்தான். ரோஸ்வுட், எபனி ஃப்ரெட்போர்டுக்கு ட்ரூ ஆயில் போலப் படலம் கட்டும் எதுவும் வேண்டாம். மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு மெல்லிய கோட்டுகள் வேண்டும், இல்லாவிட்டால் விரலழுக்கு ஏறிக் கறுக்கும்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டியது?

எல்லாத் துளைகளையும் பூசுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒட்டவேண்டிய நெக் ஜாயின்ட்டில் ஆயில் பட்டால் பசை பிடிக்காது; டேப் ஒட்டி மறையுங்கள். பிக்கப் குழி, கன்ட்ரோல் குழிகளுக்குள்ளும் ஆயில் வேண்டாம், காப்பர் ஃபாயிலோ ஷீல்டிங் பெயின்ட்டோ அங்கே ஒட்ட வேண்டும். பாடியின் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டி (பைண்டிங்) இருந்தால் ஸ்டெயின் அதன்மேல் வழியத்தான் செய்யும், பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் வெள்ளை திரும்பும். அதன் பக்கத்தில் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும்.

பிக்கப் பூட்டிய பிறகு ஸ்டீல் வுல்லைப் பக்கத்திலேயே விடக்கூடாது. உதிரும் இரும்பு இழைகளைக் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் பேட் அதே வேலையைச் செய்யும்.

பிறகு பராமரிப்பு? பள்ளம் விழுந்தால்?

வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் வியர்வையைத் துடையுங்கள். மரம் வறண்டு வெளிறினால் அதே ஆயிலில் ஒரு மெல்லிய கோட். சிலிகான் கலந்த பாலிஷ் வேண்டாம், அதன்மேல் பிற்பாடு எதுவும் ஒழுங்காகப் படியாது.

இழை அறுபடாமல் அமுங்கிய பள்ளம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரத்துணி வைத்து, அயர்ன் பாக்ஸின் முனையால் சில நொடி அழுத்துங்கள். ஆவியில் இழை உப்பி மேலே வரும். ஒரு நாள் காயவிட்டு 400-ஆல் வருடி ஆயில் தொடுங்கள். ஸ்டெயின் அங்கே வெளிறியிருந்தால், டையைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு ஆயில்.

இழை அறுந்துவிட்டால் ஆவி பயன்படாது. அப்படியே விட்டுவிடலாம்.